மதிலுக்கு அந்தப்பக்கம் ஓ-பிரியோன்

பிரான்ஸில் போர்தோ நகரத்தை ஒட்டியிருக்கும் பெசாக்கில் மூன்று வருடம் குடியிருந்தேன். ஆய்வகத்துக்குப் போகும் பேருந்து ழான் ழோரஸ் சாலையில் வரும்போது பக்கத்தில் ஒரு கல் மதில் தொடங்கும். மதிலுக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். சாலைக்கு எதிர்ப்பக்கமும் கொடிகள்தான். நடுவில் சிக்னல், கார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். பல்கலைக்கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருக்கும் என்று முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஷத்தோ ஓ-பிரியோன் என்ற ஒயின் தோட்டம் என்று வீட்டுக்கார அம்மாள்தான் சொன்னார்.

1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் தரத்தில் வைத்தது நான்கே நான்கு. லஃபீத், லத்தூர், மார்கோ மூன்றும் வடக்கே மெதோக் பகுதி. நான்காவது, நான் தினமும் பேருந்து ஜன்னலில் பார்த்த இந்தத் தோட்டம். அந்தப் பட்டியலில் மெதோக்குக்கு வெளியிலிருந்து இடம்பிடித்த சிவப்பு ஒயின் இது ஒன்றுதான்.

ஆனால் 1855க்கு வெகுகாலம் முன்பே இதற்குப் பெயர் இருந்தது. ழான் தெ பொந்தாக் என்பவருக்கு 1525இல் திருமணமானபோது சீதனமாக வந்த நிலத்தில் தொடங்கிய கதை இது. 1663இல் லண்டனில் இதைக் குடித்த சாமுவேல் பீப்ஸ், இதுவரை அறியாத தனிச்சுவை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பெயரை மட்டும் காதில் விழுந்தபடி ‘ஹோ பிரையன்’ என்று எழுதிவிட்டார். 1666இல் லண்டன் எரிந்தது. அதன்பின் பொந்தாக் குடும்பத்தினர் அங்கேயே ஓர் உணவகம் திறந்து, தங்கள் ஒயினைத் தங்கள் பெயரிலேயே விற்றார்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று மட்டும் சொல்லி ஒயின் விற்ற காலத்தில், இது இன்ன தோட்டத்து ஒயின் என்று கேட்டு வாங்க வைத்தார்கள். இந்தக் குடும்பத்தின் பெரிய சாதனை அதுதான் என்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி ஜான் லாக். தத்துவம் எழுதியவரேதான். 1677இல் நேரில் வந்து பார்த்திருக்கிறார். வெள்ளை மணலும் கொஞ்சம் சரளையும், பார்த்தால் எதுவும் விளையாது என்று தோன்றும் மண் என்று எழுதினார். இன்னொன்றும் கவனித்தார். பக்கத்துத் தோட்டத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு பள்ளம்தான். பார்வைக்கு மண் ஒரே மாதிரிதான். ஆனால் அங்கே விளைவது இந்த அளவுக்கு வருவதில்லை.

அதைப் படித்த அன்று சாயங்காலம் இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்தேன். மதிலோரம் நடைபாதையில் சிதறிக் கிடந்த கற்களில் ஒன்றைப் பொறுக்கினேன். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, பால் வெள்ளையில் மஞ்சள் ஓடிய கல், வழவழவென்று. எப்போதோ ஆறு உருட்டிக் கொண்டுவந்து போட்ட கல். இந்தப் பகுதிக்கே கிராவ் என்றுதான் பெயர். சரளை என்று பொருள். மழைத் தண்ணீர் சரளையில் நிற்காது, இறங்கிவிடும். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போக வேண்டும். அடியில் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பகலில் சூடேறிய கல் இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். நான் கல்லை எடுத்தபோது வெயில் தாழ்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது, கையில் இன்னும் சூடு இருந்தது.

நகரமும் தன் பங்குக்குச் சூடு தருகிறது. சுற்றிலும் கட்டடங்கள் இருப்பதால் இங்கே பழம் மெதோக்கைவிட முன்னதாகப் பழுக்கும். உறைபனியில் தளிர் கருகிப்போகும் ஏப்ரல் இரவுகளிலும் அது கொஞ்சம் காப்பாற்றுகிறது. பெசாக்கில் இருந்த மற்ற தோட்டங்களில் பல இன்று குடியிருப்புகள். என் வீடே அப்படி ஒரு பழைய தோட்டத்தில் கட்டியதுதான். ஓ-பிரியோன் ஐம்பது ஹெக்டேரோடு அப்படியே நிற்கிறது. 1935இல் இதை அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் தில்லன் வாங்கினார். இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. 1983இல் சாலைக்கு எதிர்ப்பக்கத்து லா மிசியோன் தோட்டத்தையும் வாங்கிவிட்டார்கள். ஆனால் தோட்டத்தைத் தினம் தினம் பார்த்துக்கொண்டவர்கள் தெல்மாஸ் குடும்பத்தார், அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை. இங்கே பெரிய தோட்டங்களில் முதல் ஆளாக 1961இல் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளைக் கொண்டுவந்தவர் நடுத் தலைமுறையைச் சேர்ந்த ழான்-பெர்னார் தெல்மாஸ்.

ஜனவரியில் கவாத்து நடக்கும். பேருந்து சிக்னலில் நிற்கும்போது பார்ப்பேன். ஒரு பெண் கொடியின் முன் குனிந்து, வெட்டாமல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம் நாலைந்து வெட்டு. போன வருடக் கிளைகளில் இரண்டே இரண்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கீழே விழும். அடுத்த கொடிக்கு நகர்வதற்குள் எனக்குப் பச்சை விழுந்துவிடும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் வாரம் ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு 70 யூரோ போட்டு 2004ஆம் வருடத்து பாட்டில் ஒன்று வாங்கினோம். ஆறாவது ஆள் வீட்டுக்கார அம்மாள். நாற்பது வருடம் மதிலுக்கு எதிரே இருந்தவர், அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் குடித்திருக்கிறார், கணவர் ஓய்வுபெற்ற அன்று. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணிநேரம் வைத்திருக்கச் சொன்னதும் அவர்தான்.

கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம். வாசனையில் முதலில் பழமே வரவில்லை. வெயிலில் காய்ந்த செங்கல், புகை, காய்ந்த புகையிலை. பழம் பிறகுதான் வந்தது, கருப்பாக, அடங்கிய குரலில். நாக்கில் துவர்ப்பு இருந்தது, ஆனால் பிடித்து இழுக்கவில்லை. விழுங்கிய பின்னும் வாயைவிட்டுப் போகவே இல்லை. யாரும் பேசவில்லை. அம்மாள் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்து, “இதுதான் அது” என்றார்.

ஆளுக்கு அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மறுநாள் காலை கழுவப் போட்டிருந்த என் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பழ வாசம் போய்விட்டது. புகையிலையும் அந்தச் செங்கல் சூடும் அப்படியே இருந்தன. கழுவாமல் மேசையில் வைத்துவிட்டுப் பெட்டி கட்டப் போனேன்.