திங்கட்கிழமை நெஞ்சடைப்பு

அப்பா கோவை சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தார். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்குப் போனால், மாலைக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கும் என்பார். புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலால் பிடித்த சளி என்று அம்மா முடிவுகட்டி, எண்ணெய்ச் சட்டியையே எடுத்து வைத்துவிட்டார்.

ஒருநாள் தொழிற்சங்க அலுவலகத்தில், பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதிக்காரர் ஒருவர், "எனக்குத் திங்கட்கிழமை மட்டும் மூச்சு வாங்குகிறது" என்றாராம். பெஞ்சில் இருந்த நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். சங்கம் அழைத்து வந்த மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: பைசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். விடுமுறைக்கு அடுத்த நாள் நெஞ்சு இறுகுவதே அதன் ஆரம்ப அடையாளம். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், அது இருந்தது. அப்பாவின் வாயில் கடைசிவரை அது 'பைசனோஸ்'தான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் நிர்வாகத்திடம் தூசியைப் பற்றிப் பேச முடிந்தது.

தத்துவம் படிக்கப் போனபோது, கணப்பு மூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து உண்மையைத் தேடிய டேக்கார்ட்டைத்தான் முதலில் கற்பித்தார்கள். எனக்கு அந்த பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கரைப் படித்தேன். பட்ட துன்பத்தைச் சொல்லச் சொல்லே இல்லாமல் போவதும் ஓர் அநீதி என்று 2007இல் எழுதியவர். அவர் காட்டும் சான்று, மேலதிகாரியின் சீண்டல் தாங்காமல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக வேலையை விட்ட ஒரு பெண். காரணம் கேட்ட அதிகாரிகளிடம் அவரால் 'சொந்தக் காரணம்' என்றுதான் சொல்ல முடிந்தது. வேலையிழப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975இல் பெண்கள் கூடிப் பேசிய பிறகே 'பாலியல் துன்புறுத்தல்' என்ற தொடர் பிறந்தது.

அதே அமெரிக்காவில் 1983இல் ஊழியர்களில் 20.1 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள்; 2024இல் 9.9. சந்தாவும் கூலி உயர்வும் குறைந்ததாக மட்டும் இதைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த பெஞ்சு போனதுதான் பெரிய இழப்பு.

அண்ணன் மகன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். அங்கே அவனுக்குத் தொழிலாளி என்று பெயர் இல்லை, 'பார்ட்னர்'. உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் படுத்துவிட்டு வந்தால் ஆர்டர் குறைகிறது என்கிறான். "என் ராசி அப்படி, அத்தை" என்றான். ஓட்டல் வாசலில் அவனோடு காத்து நிற்கும் மற்றவர்களுக்கு எப்படி என்று கேட்டேன். அவன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.