நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பயிற்சித் திடலும்

காவலர் தேர்வில் வைக்கப்படும் ஓட்டமும் எழுத்துத் தேர்வும் பயிற்சியில் யார் தேறுவார் என்பதைக் காட்டுவதில்லை, ஆகவே அவற்றைத் தளர்த்திவிடலாம் என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். சேர்ந்தவர்களின் நுழைவு மதிப்பெண்ணையும் பயிற்சி முடிவில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணையும் வைத்துக் கணித்த, பூஜ்யத்தை ஒட்டிய ஓர் ஒட்டுறவுக் கெழுவே (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்; பூஜ்யம் என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கணக்கு சரியாகவே இருக்கலாம். அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கட் ஆஃப்புக்குக் கீழே நின்றுவிட்டவர்கள் பயிற்சித் திடலில் கால் வைக்கவே இல்லை. எஞ்சியவர்கள் ஏறத்தாழ ஒரே தரத்தினர் என்பதால், அவர்களுக்குள் உள்ள சிறு வேறுபாடு எதையும் பெரிதாகக் காட்டாது. இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த அரிய நிகழ்வு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ விமானப்படை, தேர்வில் எந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும் சரி என்று 1,036 பேரை விமானிப் பயிற்சிக்கு அனுப்பியது. 1949இல் உளவியலாளர் ராபர்ட் தார்ண்டைக் வெளியிட்ட கணக்கின்படி, அத்தனை பேரிடத்திலும் மொத்தத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பயிற்சி வெற்றிக்கும் இடையிலான கெழு 0.64, கடுமையான தகுதி வரம்பில் தேறியிருக்கக்கூடிய 136 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே 0.18. தேர்வும் பயிற்சியும் மாறவில்லை, எண்ணப்பட்டவர்கள்தான் மாறினார்கள். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து, சேர்ந்தவர்களை மட்டும் வைத்துச் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் அப்படியே நம்புவதில்லை.

தகுதி பாராமல் எல்லோரையும் சேர்ப்பது காவல் பணியில் நடக்கிற காரியமன்று. ஆனால் தேறாதவர்களின் மதிப்பெண்களையும் பாதுகாத்து வைத்தால், விண்ணப்பித்தோர் அனைவரின் பரவலைக் கொண்டு அந்தக் கெழுவைத் திருத்திக் கணிக்கலாம். சேர்ந்தோரிடம் தென்படும் உறவு வரம்புக்குக் கீழும் அப்படியே தொடர்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தத் திருத்தம் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு குறை, பயிற்சி மதிப்பெண்ணை ஒரே கூட்டுத்தொகையாகப் பார்ப்பது. எழுத்துத் தேர்வு சட்டப் பாடங்களோடு ஒத்துப்போகும். கவாத்தில் ஒருவர் எப்படி நிற்பார் என்பதைப் பற்றி அது அதிகம் சொல்லாது. துப்பாக்கி சுடுவதில் கைப்பிடி வலுவுக்கும் ஓரளவு பங்குண்டு. ஓட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மதிப்பெண்ணைவிடக் காயம்: ஓட்டத்தில் பின்தங்கியவர்கள் பயிற்சியில் அதிகம் காயமடைகிறார்கள் என்பது இராணுவப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று. அதே வேளையில், எலும்பும் தசையும் தாங்கும் அளவில் பயிற்சி அமைந்தால் மூச்சுத் திறன் சில வாரங்களில் வளரக்கூடியது. அதனால், காயம் கூடத் தொடங்கும் இடத்தில்தான் ஓட்டத்தின் வரம்பு நிற்க வேண்டும், அதற்கு மேலே அன்று என்பது என் கருத்து. அந்த வரம்பை நூலிழையில் தாண்டி உள்ளே வந்தவருக்கு, ஓடும் தூரத்தை மெல்ல ஏற்றும் தனி அட்டவணையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.