சோழமண்டலமும் கோரமண்டலும்: எங்கே எதை எழுதுவது

புவியியல் பாடத்தில் சோழமண்டலக் கடற்கரை. சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே 1977இல் ஓடத் தொடங்கிய ரயிலின் பெயரோ கோரமண்டல். இரண்டும் ஒரே பெயர்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட முடியாது. மொழிபெயர்ப்பிலும் வரலாற்றுக் கட்டுரைகளிலும் தவறு நுழைவது இங்கேதான்.

மூலம் சோழர் நிர்வாகச் சொல். முதலாம் இராசராசன் காலத்தில் பேரரசு மண்டலங்களாகவும், மண்டலம் வளநாடுகளாகவும், வளநாடு நாடுகளாகவும் பிரிந்திருந்தது. வென்ற பகுதிகளுக்கும் சோழப் பெயரே சூட்டினார்கள். தொண்டை நாடு செயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது; ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் ஆனது. அடைமொழி எதுவும் இல்லாத சோழமண்டலம் என்றால் காவிரிப் பாசனத் தாய்நிலம். அதன் எல்லையைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று கிழக்கே கடலையும், வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு வெள்ளாற்றையும் காட்டும். வடவெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேர்கிறது. தென்வெள்ளாறு புதுக்கோட்டைப் பக்கமாக ஓடி மணமேல்குடி அருகே சேர்கிறது. ஆக, சோழநாட்டின் சொந்தக் கரை இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவில் இருப்பது மட்டுமே. ஐரோப்பியர் வரைபடத்தில் அது எதுவரை நீண்டது என்பதைப் பிறகு பார்ப்போம்.

‘சோழ’ எப்படி ‘கோர’ ஆனது? ழகரத்தின் கதை எளிது. அந்த ஒலி இல்லாத மொழிக்காரர்கள் தங்களுக்குக் கிட்டத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். அசோகர் கல்வெட்டில் சோட, வடமொழியில் சோல, கிரேக்கர் தாலமி எழுதியதில் ரகரம். போர்த்துகீசியர் காதிலும் ரகரமே விழுந்தது. சகரம் போனது எழுத்துக் கோளாறால். போர்த்துகீசியர் ‘சி, ஹெச்’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். அவர்கள் வாயில் அன்று அது ‘ச’. அதே எழுத்தை மற்ற ஐரோப்பியர் பலர் ‘க’ என்று வாசித்தார்கள். நாளடைவில் ‘ஹெச்’ உதிர்ந்தது, ‘க’ நிலைத்துவிட்டது.

பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள கரிமணல் என்ற ஊரிலிருந்தே பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் இன்னும் உலவுகிறது. ‘கரை மண்டலம்’ என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்பதில்லை. போர்த்துகீசியரின் ஆரம்ப எழுத்துகளிலேயே சகரம் இருக்கும்போது, ககரத்தில் தொடங்கும் மூலம் எப்படிப் பொருந்தும்?

அடுத்தது எல்லை. இன்றைய பொதுவழக்கில் தெற்கு முனை கோடியக்கரை, வடக்கு முனை கிருஷ்ணா ஆற்று முகத்துவாரம். அதற்கு வடக்கே வட சர்க்கார் எனப்பட்ட வட ஆந்திரக் கரை. தெற்கே பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும். அங்கே இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக்கு முத்துக்குளித்துறை என்று தனிப் பெயரே இருக்கிறது. சில நூல்கள் கன்னியாகுமரி வரை இழுத்துவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கரை முழுவதையும் குறிக்க வேண்டுமென்றால் ‘தமிழகக் கிழக்குக் கரை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். இந்தப் பெயரை அவ்வளவு தூரம் நீட்டத் தேவையில்லை.

பழைய ஆவணங்களில் இந்த எல்லை செல்லாது. டச்சுக்காரர்களின் ‘கோரமண்டல்’ ஒரு நிர்வாகப் பிரிவு. அதன் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690 முதல் நாகப்பட்டினம். மசூலிப்பட்டினமும், விசாகப்பட்டினத்துக்கும் வடக்கே உள்ள பீமுனிப்பட்டினமும் அதற்குள் அடக்கம். எனவே ‘கோரமண்டல் துணி’ என்று டச்சுக் கணக்கில் கண்டவுடன் தமிழ் நெசவாளர் நெய்தது என்று முடிவுகட்டக் கூடாது. தெலுங்கு நாட்டுத் தறியாகவும் இருக்கலாம். எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது என்று பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலேயக் கம்பெனிக் கடிதங்களில் வெறும் ‘கரை’ என்று வந்தால் அது இந்தக் கரை. ‘கரையும் விரிகுடாவும்’ என்று சேர்ந்து வந்தால் விரிகுடா என்பது வங்காளம்.

இதைவிடப் பெரிய குழப்பம் மாபாரும் மலபாரும். போர்த்துகீசியர் வருவதற்கு முன் அரபு வணிகர்கள் இந்தக் கிழக்குக் கரையை மாபார் என்றார்கள். கடந்து செல்லும் இடம் என்று பொருள். மார்க்கோ போலோ சொல்லும் மாபார் இதுதான். 14ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தானகத்தை மாபார் சுல்தானகம் என்பதும் இதனால்தான். மலபார் மேற்குக் கரை. ஒரு ‘ல’தான் வித்தியாசம் என்பதால் கவனமில்லாத மொழிபெயர்ப்பில் மதுரை கேரளத்துக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்று அழைத்தார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்க் கிறிஸ்தவ நூலின் முகப்பிலேயே மொழியின் பெயர் ‘மலபார் தமிழ்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மலபாரிகள் என்று எழுதினால் அவர் பார்த்தது சோழமண்டலக் கரைத் தமிழர்களை. 18ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘மலபார்’ வந்தால், நிலத்தைச் சொல்கிறார்களா, மக்களையா, மொழியையா என்று பாருங்கள். நிலம் என்றால் மேற்குக் கரை. மற்ற இரண்டும் பெரும்பாலும் தமிழைச் சுட்டும்.

பொருள்களின் பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோரமண்டல் திரை எனப்படும் அரக்குப் பூச்சு மடிப்புத் திரை சீனாவில் செய்தது. இந்தக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைச் ‘சோழமண்டலத் திரை’ என்று தமிழாக்கினால் சோழர் கலை என்று வாசகர் நினைத்துவிடுவார். கோரமண்டல் கருங்காலி என்று மரவேலைக்காரர்கள் சொல்லும் மரமோ இந்தியாவில் வளர்வதுதான். பீடி சுற்றும் இலை அதிலிருந்தே வருகிறது.

எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் முறை: நிலப்பகுதியைச் சொன்னால் சோழமண்டலக் கடற்கரை, நடுவில் ‘க்’ கட்டாயம். ரயில், நிறுவனம் போன்றவற்றுக்கு அவரவர் வைத்துக்கொண்ட வடிவம். ஒரே முருகப்பா குழுமத்தில் நிதி நிறுவனம் சோழமண்டலம், உர நிறுவனம் கோரமண்டல். இரண்டையும் மாற்றக் கூடாது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய ஓவியர் கிராமம் சோழமண்டலம்தான். ‘கோரமண்டலம்’ என்று மகர ஒற்றுப் போட்டு எழுதுவது இரண்டுங்கெட்டான், தவிர்த்துவிடலாம்.

நியூசிலாந்தின் கோரமண்டல் தீபகற்பத்தை ஒருபோதும் சோழமண்டலம் ஆக்க வேண்டாம். 1820இல் கௌரி மரங்களை ஏற்ற அங்கே போன பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பலுக்கு 1815 வரை இருந்த பெயர் மலபார்.