நுங்கம்பாக்கத்தில் ஒரு பிப்ரவரி வாரம்

சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி 2018இல் புனேவுக்குப் போனபோது அப்பா ரொம்பவே உடைந்துபோனார். 1997 முதல் நம்ம ஊரில் நடந்த போட்டி. நடால் ஆடிய மைதானம். அதே ஆண்டு பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தின் அந்த மைதானத்துக்குச் சேலஞ்சர் போட்டி வந்தது, அதாவது பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள போட்டி. ‘பெரிய ஆள் யாரும் வரமாட்டாங்களே’ என்று முணுமுணுத்துக்கொண்டுதான் அப்பா என்னோடு கிளம்பினார். அன்று முதல் எங்களுக்கு அந்த ஒரு வாரம்தான் திருவிழா.

சேலஞ்சரில் பக்கவாட்டு கோர்ட்டுகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தகுதிச்சுற்று நாளில் ஒரு ஐரோப்பியப் பையன் எங்களுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தான். கூட கோச் இல்லை, யாருமே இல்லை. இடம் மாறும் இடைவெளியில் ராக்கெட் கைப்பிடியில் சுற்றியிருந்த, வியர்வையில் ஊறிய கிரிப்பை உரித்துப் போட்டு, புதுசை அடியிலிருந்து சாய்வாகச் சுற்றி, மிச்சத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தான். ஆட்டம் முடிந்ததும் நரம்பு அறுந்த ராக்கெட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்ட்ரிங் போடுகிறவரிடம் நடந்தான். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு விடுதி. சீசன் முழுக்க இப்படித்தான்.

இவ்வளவும் தரவரிசையில் 100 என்ற எண்ணுக்குள் வருவதற்காக. டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில், ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர் ஆடலாம், அதில் 104 பேர் தரவரிசையை வைத்து நேராக உள்ளே போகிறார்கள். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. சேலஞ்சரில் பல வாரம் ஜெயித்தாலும் அவ்வளவு தேறாது. வாங்கிய தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரத்தில் கழிந்துவிடும். மறுபடி ஜெயித்துத்தான் நிரப்ப வேண்டும்.

நம்ம ஊர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் 2018ஐ நான் மறக்கவே மாட்டேன். முழங்கால் காயத்தால் பல வருடங்களை இழந்தவர் அவர். அந்த ஆண்டு சீனாவின் ஆன்னிங்கில் முதல் சேலஞ்சர் பட்டம், ஜூனில் ஸ்டுட்கார்ட்டில் கனடாவின் ஷபோவலோவை வீழ்த்தினார், ஆசிய விளையாட்டில் வெண்கலம், நவம்பரில் பெங்களூரு பட்டம். அப்புறம் 2019 பிப்ரவரி, நுங்கம்பாக்கம். அரையிறுதியில் தோற்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை தரவரிசை வந்தது: 97. இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக நூறுக்குள்! அந்த வருடம் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார்.

ராம்குமார் ராமநாதனையும் சொல்ல வேண்டும். ஆறு சேலஞ்சர் இறுதிப்போட்டிகளில் தோற்றபின் 2021இல் பஹ்ரைனின் மனாமாவில்தான் முதல் பட்டம். ஏழாவது முறையும் அதே நம்பிக்கையோடு கோர்ட்டில் இறங்க எவ்வளவு மனதிடம் வேண்டும்! எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அப்புறம் சுமித் நாகல். வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று 2023இல் வெளிப்படையாகச் சொன்னவர். மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கே ஒரு செட்கூட இழக்காமல் இறுதிக்கு வந்தார். 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியின் நார்டியை 6-1, 6-4 என்று வென்றார். இரண்டாவது செட் இறுகியபோது அப்பா என் முழங்கையைப் பிடித்தார், கடைசிப் புள்ளிவரை விடவே இல்லை.

அப்பாவிடம் ஸ்கோர் எழுதும் பழைய நோட்டு ஒன்று உண்டு. 2019 பக்கத்தில் பிரஜ்னேஷ் பெயருக்கு எதிரே 97 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். நாகல் ஜெயித்த மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் என்னைத் தரவரிசை பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். நாகல் பெயருக்கு எதிரே 98 என்று எழுதி, அதற்கும் ஒரு வட்டம் போட்டார்.