அடிவயிற்றில் இருந்த கை

கடலூரில் பிரசவ வார்டு நர்ஸாக இருபது வருஷம் ஓடிவிட்டது. வலியோடு வரும் பெண்ணின் முகத்தைவிட அவள் கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சாதாரண வலி என்றால் கை இடுப்பையோ கட்டில் கம்பியையோ பிடித்திருக்கும். உள்ளே ஏதோ சரியில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டால் அடிவயிற்றை விட்டு நகராது.

2022 மார்ச்சில் ஒருநாள் நைட் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். உக்ரைனின் மரியுபோல் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி, மார்ச் 9ஆம் தேதி ரஷ்யா குண்டு போட்டது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு கர்ப்பிணியை ஸ்டிரெச்சரில் தூக்கிப் போகிறார்கள். கை அடிவயிற்றில் இருந்தது.

சில நாளில் மிச்சமும் தெரிந்தது. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்ததாம். வேறு ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்து எடுத்த குழந்தைக்கு உயிர் இல்லை, தாயைக் காப்பாற்ற அரை மணி நேரத்துக்கு மேல் போராடியும் முடியவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் அறிவேன், நெஞ்சை அழுத்துகிறவர்களில் யாரும் முதலில் கையை எடுக்க மாட்டார்கள்.

அங்கே நோயாளிகளே இல்லை என்று ரஷ்யா சொன்னது. முகத்தில் ரத்தத்தோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்த இன்னொரு கர்ப்பிணியை, வேஷம் போட்டு நடிக்கிறாள் என்று லண்டனில் இருக்கும் அவர்கள் தூதரகமே எழுதியது. அவளுக்கு ஓரிரு நாளில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வார்டு ஆயாம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போய் நடிப்புன்னு சொல்றானே, அவனையும் ஒருத்தி பெத்துதானே போட்டிருப்பா சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

எனக்கு, எங்கள் கடலூரை அடித்த 'தானே' புயல்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. லேபர் ரூம் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்தபோது கட்டிலில் இருந்தவள் தலையை மறைக்கவில்லை, ரெண்டு கையாலும் வயிற்றைத்தான் மூடிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு வந்துட்ட இல்ல, இனிமே பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தோம். வருகிற எல்லாரிடமும் நான் சொல்கிற வார்த்தைதான் அது. மரியுபோலிலும் ஒரு சிஸ்டர் அந்த ஸ்டிரெச்சரில் போனவளிடம் இதையேதான் சொல்லியிருப்பார், அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், தலைப்பிரசவம், கை அடிவயிற்றிலேயே இருந்தது. வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மெதுவாக அவள் கையை நகர்த்திவிட்டு டாப்ளரை வைத்தேன்.

"துடிப்பு இருக்கா சிஸ்டர்?"

"இருக்கு கண்ணு. கேளு."