அப்பாயியின் பச்சைப் பட்டினி

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் தொடங்கும். அன்றைக்கே அம்மனும் விரதம் ஏற்கிறாள். சாமிக்காக நாம் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வாழவேண்டும் என்று தாயே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், கரும்பு, இளநீர், அவ்வளவுதான். பங்குனிக் கடைசி ஞாயிறோடு விரதம் நிறையும்.

எங்கள் வீட்டிலும் அந்த 28 நாள் ஒருத்தி பட்டினி கிடப்பாள். என் அப்பாயி.

அப்பாயி போய் வருஷத் தெவசமும் முடிந்துவிட்டது. துக்க வருஷத்தில் பூ எடுக்கவில்லை. இந்த மாசியில்தான் பெரியப்பா, அப்பா, அத்தை, பேரன் பேத்திகள் என்று எல்லோரும் கூடை கூடையாக உதிரிப்பூ எடுத்துக்கொண்டு லால்குடிப் பக்கமிருந்து கிளம்பினோம். மல்லி, செவ்வந்தி, அரளி. வாசலில் அப்பாயி வைத்த அரளிச் செடியிலிருந்து பறித்ததை அத்தை தனியாக ஒரு ஈரத்துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேராகப் பெரிய கோயிலுக்குப் போகவில்லை. முதலில் இனாம் சமயபுரம். அங்கே இருக்கும் ஆதி மாரியம்மன் கோயிலைத்தான் சமயபுரத்தாளின் தாய்வீடு என்பார்கள். "ஆத்தா வூட்டைப் பாக்காம மவ வூட்டுக்குப் போவலாமா?" என்று அப்பாயி கேட்பாள். கால்வலி வந்து பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகும் இந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை. கூட்டத்துக்குப் பயந்து பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ, இங்கே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனால்தான் மனசு அடங்குகிறது.

அவள் விரதம் எடுத்த கதையைப் பெரியப்பா அங்கே வைத்துத்தான் சொன்னார். பெரியப்பாவும் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தெருவில் பெரியம்மை வந்ததாம். இந்த நாட்டில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்ததே 1977-ல்தான். அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நம்மால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. அம்மை குத்த ஆள் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. அப்பாயி இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் ஆளாக நிறுத்தினாளாம். சாயங்காலம் தலை முழுகி, கண்ணபுரத்தாளுக்கு, அதாவது சமயபுரத்தாளுக்கு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாளாம். "ஊசியும் அவ குடுத்ததுதான்டா" என்பாளாம். அந்த வருஷம் தொடங்கியதுதான் இந்தப் பட்டினி. தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டார். இருந்த கொஞ்ச நிலத்தையும் இரண்டு மாட்டையும் வைத்து மூன்று பேரையும் கரையேற்றினாள். அத்தனை கஷ்டத்திலும் ஒரு மாசி தவறவில்லை.

நான் பார்த்த அப்பாயி, விரத நாளிலும் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி எங்கள் எல்லோருக்கும் சமைப்பாள். வாயில் எதுவும் படக்கூடாது என்பதால் குழம்பு கொதிக்கும்போது எங்களில் யாரையாவது கூப்பிடுவாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, "உப்பு பாரு கண்ணு" என்பாள். நாங்கள் நக்கிப் பார்த்துச் சரி என்று தலையாட்டுவோம். எங்கள் முகத்தைப் பார்த்தே இன்னும் அரைக்கல் உப்பு வேண்டுமா என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பகல் முழுக்க ஒன்றும் கிடையாது. விளக்கேற்றிய பிறகு கொஞ்சம் துள்ளுமாவு, ஒரு சொம்பு நீர்மோர்.

துள்ளுமாவைக் கடையில் வாங்கிய மாவில் செய்ய விடமாட்டாள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முழுக்கப் போவதற்குள் உரலில் இடிக்க வேண்டும். சலித்த மாவோடு பொடித்த வெல்லமும் ஏலக்காயும். கையில் பிடித்தால் பிடிபடணும், விரலால் தொட்டால் உதிரணும். அதுதான் பக்குவம். இந்தத் தடவை அம்மா அதேபோல இடித்து ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

எனக்கு அம்மை போட்ட நாட்களும் நினைவுக்கு வந்தன. அது சின்ன அம்மைதான். ஆனால் அப்பாயிக்கு வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்பதுதான் கணக்கு. வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. இரவில் அரிப்பு தாங்காமல் நான் அழும்போது, சொறிந்துவிடாதபடி என் இரண்டு கையையும் தன் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேப்பங்கொத்தை மேலிருந்து கீழே மெல்ல வருடிக்கொண்டே இருப்பாள். என்னிடம் பேசுகிறாளா அம்மனிடம் பேசுகிறாளா என்று தெரியாது. "எறங்கு தாயி, பச்சப்புள்ள, தாங்காது" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் அவள் காலை நீட்டிப் படுத்தாள்.

சமயபுரத்துக்குள் நுழைகிற ரோடு முழுக்க அன்று பூதான். ஊர் ஊராக, தெருத் தெருவாக, அம்மன் படம் வைத்து ஜோடித்த வண்டிகளில் மேளதாளத்தோடு பூத்தட்டு வருகிறது. மஞ்சள் சேலைக்காரர்கள், அக்கினிச் சட்டி ஏந்தியவர்கள், கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வரும் அப்பன் ஆத்தா. அந்தக் கரும்புத் தொட்டிலை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள், அது கிடைத்த பிறகு அந்தப் பிள்ளையையே கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

மூலவர் அம்மனுக்கு அபிஷேகம் கிடையாது. மூலிகை சேர்த்த சுதைத் திருமேனி என்பதால் உற்சவருக்குத்தான் அபிஷேகம். "அவ ஒடம்பு மண்ணும் மூலிகையும். தண்ணி ஊத்த முடியாது. அதான் பூவால குளுப்பாட்டுறோம்" என்று அப்பாயி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். கூடையைக் கொடுத்துவிட்டு வரிசையில் நகர்ந்தபோது அந்தப் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

சன்னதி முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்குள் அப்பாயி குடும்பத்தில் ஒருவர் விடாமல் பேர் சொல்லுவாள். பெரியப்பாவில் தொடங்கி, மருமகள்கள், மருமகன், பேரப் பிள்ளைகள், கடைசியில் கறவை மாடு வரைக்கும். நிலத் தகராறில் பெரியப்பாவும் அப்பாவும் பேசாமல் இருந்த காலத்திலும் அந்த இரண்டு பேரும் அடுத்தடுத்துத்தான் வரும். கடைசிக் காலத்தில் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். பேர் வரிசை மட்டும் பிசகாது. அதில் அவள் பேர் ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது அத்தை சொன்னாள். மடியிலிருந்த அரளியைக் குருக்களிடம் நீட்டிக்கொண்டே, அதே வரிசை, அதே வேகம். புதிதாகப் பிறந்த கொள்ளுப் பேத்தியின் பேரையும் சேர்த்துக்கொண்டாள். அவளும் தன் பேரை விட்டுவிட்டாள். பின்னால் நின்ற நான் அத்தை பேரையும் அப்பாயி பேரையும் வாய்விட்டே சொன்னேன். அம்மனின் பெரிய கண்கள் நேராக எங்களைப் பார்த்தமாதிரி இருந்தது. தள்ளு தள்ளு என்று சத்தம் வர, நகர்ந்துவிட்டோம்.

வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து துள்ளுமாவைப் பிரித்துச் சாப்பிட்டோம். தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தன் தங்கை சமயபுரத்தாளுக்குச் சீர் அனுப்புவது பற்றிப் பெரியப்பா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் விரதப் பேச்சு வந்தது. அத்தைக்குச் சர்க்கரை. பட்டினி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷம் அம்மாவும் நானும் இருக்கிறோம். சித்திரை முதல் செவ்வாய் தேர். அன்றைக்கு மாவிளக்குக்கு அரிசி இடிப்பது என் பொறுப்பு, வண்டி பெரியப்பா பொறுப்பு. விடியற்காலையிலேயே கிளம்பினால்தான் இனாம் சமயபுரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.