புது ஃபிரிட்ஜ், பழைய சட்டம்

ஃபிரிட்ஜ் பணம் போன வாரம் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் லீவு போட்டு வீணாக அலைந்தது இன்னும் உறுத்துகிறது. அலையவிட்டது 2020 ஜூலையிலேயே காலாவதியான பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஆன்லைனில் 28,000 ரூபாய்க்கு வாங்கியது. நாலே மாதத்தில் மூன்று முறை கம்ப்ரஸர் பழுது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், வக்கீல் நோட்டீஸ், எதற்கும் பதில் இல்லை. சரி, நாமே வழக்குப் போடலாம் என்று டைப்பிங் சென்டரில் மனு அடித்தேன். அவர்கள் வைத்திருந்த மாதிரியில் '1986-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 12' என்றிருந்தது. நான் கவனிக்கவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கவுன்டரில் இருந்த அம்மா கவனித்துவிட்டார். இப்போது நடப்பது 2019 சட்டம், அதில் பிரிவு 35. 'மன்றம்' என்ற பெயரும் போய் 'ஆணையம்' ஆகிவிட்டது. மனு கைக்கே திரும்பியது.

திருத்திக்கொண்டு மறுபடி போனால், அதே அம்மா, "கம்பெனி வேற ஸ்டேட்ல இருக்கு, அங்கதான் சார் போடணும்" என்றார். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊர் அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த ஊர் என்றுதான் இருந்தது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதைப் பிரிவு 34-ல் சேர்த்ததே 2019-ல்தான். சொன்னேன், நம்பவில்லை. கையில் காகிதம் இல்லாமல் கவுன்டரில் சட்டம் பேசக் கூடாது.

மூன்றாம் முறை பிரிவு 34-ஐப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு நீட்டினேன். இரண்டு முறை படித்தார், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "பக்கத்துக்கு நம்பர் போட்டீங்களா?" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நஷ்டஈடு 50,000 கேட்டிருந்தேன். முன்பு பொருளின் மதிப்பையும் நஷ்டஈட்டையும் கூட்டித்தான் வழக்கின் அளவைப் பார்ப்பார்கள்; எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். இப்போது நாம் கொடுத்த விலை மட்டும்தான் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அப்பா 90-களில் மிக்ஸிக்காகப் போட்டபோது யாருக்குமே கட்டணம் இல்லையாம்.

நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 41-ஆம் நாள் கம்பெனியிலிருந்து போன். முழு விலையும் கேட்டதில் பாதி நஷ்டஈடும் தருவதாகச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன்.

பொருளில் பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். அப்புறம், அந்த டைப்பிங் சென்டர் கம்ப்யூட்டரில் இன்னும் 1986 மாதிரிதான் இருக்கிறது. முதல் வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.